அஞ்சு பவுண்டு அபராதம்!

லண்டனுக்குப் போகிற தமிழன் தவறாமல் செய்கிற காரியங்கள் மூன்று. ஒன்று, ஈஸ்ட் ஹாமில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ‘‘என்ன இருந்தாலும் நம்ம ஊர் மாதிரி வராது சார்’’ என்பது. இரண்டு, ஒரு காபி வாங்கினாலும் பவுண்டை ரூபாயால் பெருக்கிப் பார்த்துவிட்டு மயக்கம் போடுவது. மூன்று, டிராஃபால்கர் ஸ்கொயரில் நெல்சன் தூணுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது.

முதல் இரண்டையும் முடித்துவிட்டு, மூன்றாவதுக்காக ஒரு டிசம்பர் சாயங்காலம் அங்கே போய் நின்றேன். சாயங்காலம் என்று பெயர்தான். மணி நாலுக்கே கும்மிருட்டு. மூக்கு நுனி என்னுடையதுதானா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர்.

பழைய சினிமாப் பாட்டில் ஹீரோயின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருவார். புறாக்கூட்டம் குப்பென்று கிளம்பும். ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சதுக்கம்தான் இது. இப்போது புறாக்கள் ரொம்பக் குறைவு. 2003-ல் இங்கே புறாவுக்குத் தீனி போடத் தடை கொண்டுவந்துவிட்டார்கள். மீறினால் அபராதம்! ‘வாயில்லா ஜீவனுக்கு நாலு தானியம் போடறது ஒரு குத்தமாடா?’ என்று நம் பாட்டிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால், தானம் சம்பந்தமாக அபராதம் போடுவது இந்தச் சதுக்கத்துக்குப் புதுசு இல்லை. 1919-ல் ஒரு பெண்மணியை இங்கே போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவர் செய்த குற்றம், பசியால் சாகிற குழந்தைகளைப் பற்றி நோட்டீஸ் கொடுத்தது.

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த மரத்தைப் பார்த்துவிடுவோம்.

* * *

சதுக்கத்தின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. இருபது மீட்டருக்கு மேல் உயரம். நார்வே நாட்டில் ஆஸ்லோ பக்கத்துக் காட்டில் வெட்டி, கப்பலேற்றி அனுப்புகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படை நார்வேயைப் பிடித்தபோது அந்த நாட்டு ராஜாவுக்கும் அரசாங்கத்துக்கும் லண்டன் இடம் கொடுத்தது. அந்த நன்றிக்காக 1947-லிருந்து வருஷா வருஷம் ஒரு மரம்.

ஊருக்கு ஊர் குசும்பர்கள் உண்டல்லவா? 2021-ல் வந்த மரம் கொஞ்சம் நோஞ்சான். ‘பாதி மரம் எங்கேப்பா?’ என்று லண்டன்காரர்கள் கிண்டல் அடித்துத் தீர்த்துவிட்டார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரத்தடியில் ஒரு கோஷ்டி கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தது. முன்னால் உண்டியல். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒவ்வொரு கோஷ்டியாக வந்து, ஏதாவது ஒரு தர்ம காரியத்துக்காகப் பாடி வசூல் பண்ணுகிறது.

எனக்கு வழிகாட்டியாக வந்தவன் பழைய ஆபீஸ் நண்பன். சென்னையில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டீக்குக் கடன் சொன்னவன், இப்போது ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்குக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

‘‘டிசம்பர் வந்தா இங்க உண்டியல் இல்லாத தெருவே கிடையாது மாப்ளே’’ என்றான். ‘‘சில்லறை இல்லைன்னு தப்பிக்கவும் முடியாது. மெஷின் வெச்சிருக்கான். கார்டைத் தொட்டா போதும், பணம் போயிடும்.’’

அவன் ஆபீஸிலும் இதே கதைதானாம். டிசம்பரில் ஒரு நாள் எல்லோரும் மான் கொம்பு, பனிமனிதன் என்று கண்றாவியான டிசைன் போட்ட ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வர வேண்டும். வந்ததற்குத் தண்டமாக இரண்டு பவுண்டு! அந்தப் பணம் கஷ்டப்படுகிற குழந்தைகளுக்குப் போகும். ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு 2012-ல் ஆரம்பித்துவைத்த வழக்கம். மேனேஜர், ப்யூன் வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் ஒரே மாதிரி கோமாளியாகத் தெரிவது இதில் கூடுதல் லாபம்.

இன்னொன்று, ஆடு. ஆமாம் சார், நிஜ ஆடு. ‘ஆக்ஸ்ஃபாம்’ என்ற அமைப்பு 2004-ல் தொடங்கிய திட்டம். கிறிஸ்துமஸுக்கு உங்கள் சிநேகிதர் பெயரில் ஆட்டுக்குப் பணம் கட்டலாம். சிநேகிதருக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். ஆடோ எங்கேயோ ஒரு ஏழைக் குடும்பத்துக்குப் போகும்.

‘‘போன வருஷம் வொய்ஃபுக்கு இதைத்தான் கிஃப்ட்டா குடுத்தேன்’’ என்றான் நண்பன்.

‘‘என்ன சொன்னாங்க?’’

‘‘ஒரு வாரம் பேசலை.’’

வரி விஷயத்திலும் இங்கே ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார்கள். வரி கட்டுகிற ஒருவர் ஒரு பவுண்டு தானம் கொடுத்து ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டால், அரசாங்கம் தன் பங்குக்கு 25 பென்னி சேர்த்து அந்த அமைப்புக்குக் கொடுத்துவிடுகிறது. நம் ஊரில் 80ஜி ரசீது வாங்கினால் கொடுத்தவருக்கு வரி குறைகிறது. அங்கே வாங்குகிறவருக்குத் தொகை கூடுகிறது. மார்ச் மாதம் ரசீது தேடி பீரோவைத் தலைகீழாகக் கவிழ்க்கிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எல்லாம் சரி. நண்பன் கார்டைத் தொட்டுவிட்டுக் கேட்ட கேள்விதான் முக்கியம்.

‘‘ஏன் மாப்ளே, சொந்த ஊர்லயே சோறு இல்லாத புள்ளைங்க இருக்கு. இந்த லண்டன்லயே ராத்திரி பிளாட்பாரத்துல படுக்கிறவன் இருக்கான். அப்படி இருக்கறப்ப கடல் தாண்டி இருக்கிற புள்ளைக்கு ஏன்டா குடுக்கணும்?’’

நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் ஆபீஸ் கேன்டீனில் தினசரி கேட்கிற கேள்விதான். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் இதே கேள்விக்கு ஒரு பெண்மணி பதில் சொல்லியிருக்கிறார்.

* * *

பெயர் எக்லன்டைன் ஜெப். வசதியான குடும்பம், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. கொஞ்ச நாள் பள்ளிக்கூட டீச்சராக இருந்து பார்த்தார். சரிப்பட்டு வரவில்லை. குழந்தைகள் பட்டாளத்தை மேய்ப்பது அவருக்கு ஒத்துவராத காரியம். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. குழந்தைகளைக் கண்டால் ஓடிப்போய்த் தூக்கிக் கொஞ்சுகிற ரகம் இல்லை இவர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்தது. பீரங்கி நின்றதே தவிர, பட்டினி நிற்கவில்லை. எதிரி நாடுகளுக்கு உணவுக் கப்பல் போகாமல் பிரிட்டனும் அதன் தோழர்களும் கடலை மறித்துவைத்திருந்தார்கள். சமாதான ஒப்பந்தத்தில் ஜெர்மனி கையெழுத்துப் போடுகிறவரை பிடியை முழுசாக விடுவதில்லை என்பது திட்டம். 1919 ஜூலையில்தான் முற்றுகையை முழுவதுமாக விலக்கினார்கள். அதற்குள் வியன்னா நகரத்துக் குழந்தைகள் பால் இல்லாமல், எலும்பு வளைந்து, நடக்க வேண்டிய வயதில் நிற்கக்கூட முடியாமல் கிடந்தார்கள்.

எக்லன்டைனும் அவர் தங்கை டோரதியும் இதைச் சும்மா விடவில்லை. எலும்பும் தோலுமான ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படத்தைப் போட்டு, இதற்கு நம் முற்றுகைதான் காரணம் என்று நோட்டீஸ் அடித்தார்கள். எக்லன்டைன் அதை எடுத்துக்கொண்டு டிராஃபால்கர் ஸ்கொயருக்கு வந்து, போகிறவர் வருகிறவர் கையில் எல்லாம் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். அண்ணனையும் புருஷனையும் பிள்ளையையும் போரில் பறிகொடுத்த ஜனங்கள். அவர்களிடம் போய், ‘நம்மைச் சுட்டவன் வீட்டுக் குழந்தை பட்டினி கிடக்கிறது, அதற்குப் பால் கொடுங்கள்’ என்று கேட்டால்?

போலீஸ் வந்தது. நாட்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, சென்சாரிடம் காட்டாமல் நோட்டீஸ் கொடுத்தது குற்றம். கேஸ் நடந்தது. எக்லன்டைன் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தானே எழுந்து வாதாடினார். அரசுத் தரப்பில் சர் ஆர்ச்சிபால்ட் பாட்கின் என்ற பெரிய வக்கீல். சட்டம் தெளிவாக இருந்ததால் எக்லன்டைன் தோற்றார். தண்டனை, அஞ்சு பவுண்டு அபராதம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் சினிமாவில் வைத்தால்கூட ‘ஓவர்’ என்று சொல்லிவிடுவோம். கேஸ் முடிந்ததும் எதிர்க்கட்சி வக்கீல் பாட்கின் நேராக எக்லன்டைனிடம் வந்தார். தன் பையிலிருந்து அஞ்சு பவுண்டு எடுத்துக் கொடுத்தார். எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை வாங்கிக் கொடுத்தாரோ, அந்தக் குற்றத்துக்கு அவரே முதலீடு! எக்லன்டைன் ஆரம்பித்த நிதிக்கு வந்த முதல் நன்கொடை அதுதான் என்கிறார்கள். அந்த நிதியின் பெயர் ‘சேவ் தி சில்ட்ரன்’. நண்பன் ஆபீஸில் கோமாளி ஸ்வெட்டர் போட வைக்கிறார்களே, அதே அமைப்பு.

அந்த ஆண்டு மே 19-ம் தேதி ஆல்பர்ட் ஹாலில் நிதியின் தொடக்கக் கூட்டம். ஹால் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பலர் அழுகின பழத்தோடு வந்திருந்தார்களாம். துரோகி மேடையேறினால் வீசுவதற்கு! எக்லன்டைன் பேசப் பேசக் கூட்டம் அடங்கிப்போனது. பழம் பைக்குள்ளேயே இருந்துவிட்டது. பணம்தான் வெளியே வந்தது.

நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. பாத்திரம் அறிந்து பிச்சை இடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு. எக்லன்டைன் செய்தது என்னவென்றால், பசித்த குழந்தையிடம் பாத்திரத்தை மட்டும் பார். கோத்திரம், தேசம், அப்பன் எந்தப் படையில் இருந்தான் என்பதையெல்லாம் கேட்காதே என்றார். நண்பன் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

* * *

இதில் கிறிஸ்துமஸ் எங்கே வந்தது என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன்.

எக்லன்டைன் அத்தோடு நிற்காமல் ரோம் வரை போனார். அவர் புராட்டஸ்டன்ட். போய்ப் பார்த்தது போப் பதினைந்தாம் பெனடிக்டை. போப் அதற்கு முன்பே மத்திய ஐரோப்பாவின் குழந்தைகளுக்காகக் கவலைப்பட்டு, 1919 நவம்பரில் உலகத்துப் பிஷப்புகளுக்கெல்லாம் கடிதம் அனுப்பியிருந்தார். டிசம்பர் 28-ம் தேதி எல்லா கத்தோலிக்க ஆலயங்களிலும் அந்தக் குழந்தைகளுக்காகக் காணிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவு. அடுத்த வருஷக் கடிதத்தில் ‘சேவ் தி சில்ட்ரன்’ பெயரைச் சொல்லியே பாராட்டினார். வேறு சபைக்காரர்கள் ஆரம்பித்த ஒரு நிதியைப் போப் மனம் திறந்து பாராட்டியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

அதென்ன டிசம்பர் 28? அன்றைக்கு மாசற்ற குழந்தைகள் திருநாள். பெத்லகேமில் பிறந்திருக்கும் குழந்தை தன் சிம்மாசனத்துக்குப் போட்டியாக வரும் என்று பயந்து, ஏரோது ராஜா அங்கே இருந்த ஆண் குழந்தைகளையெல்லாம் கொல்லச் சொன்னான் என்கிறது வேதாகமம். அந்தக் குழந்தைகளின் நினைவு நாள். குழந்தை யேசுவைத் தூக்கிக்கொண்டு சூசையப்பரும் மாதாவும் எகிப்துக்கு ஓடினார்கள். அதாவது, கிறிஸ்துமஸ் கதையின் நாயகனே வெளிநாட்டில் தஞ்சம் புகுந்த ஒரு கைக்குழந்தை. கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், கேக் வெட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது.

எக்லன்டைனிடம் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், அவர் வெறும் கண்ணீரை நம்பவில்லை. இரக்கத்தோடு கணக்கும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 1921-ல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது சராடவ் பகுதியில் இவருடைய நிதி சமையல்கூடங்கள் திறந்தது. தினம் ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். ‘நம் நாட்டில் வேலையில்லாதவன் தவிக்கிறான், இவர் போல்ஷ்விக் குழந்தைக்குக் கஞ்சி ஊற்றுகிறார்’ என்று உள்ளூர்ப் பத்திரிகை வறுத்தெடுத்தது. அவர் அசரவில்லை. 1923-ல், குழந்தைக்குக் கொடுப்பது பிச்சை இல்லை, அதன் உரிமை என்று அஞ்சே அஞ்சு அம்சங்களில் எழுதிவைத்தார். 1924-ல் அன்றைய உலக நாடுகளின் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அதன் வாரிசுதான் 1989-ல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. எக்லன்டைன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1928-லேயே, 52 வயதில் போய்விட்டார்.

* * *

மறுநாள் நண்பன் என்னை நாட்டிங் ஹில் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு தெருவில், ஒரு காலத்தில் சர்ச்சாக இருந்து பிறகு ரெக்கார்டிங் ஸ்டூடியோவான கட்டடம். 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சத்தை பி.பி.சி. டி.வி. காட்டியது. சாப்பாடு தட்டில் இருக்க, சாப்பிட முடியாமல் நாடே உட்கார்ந்திருந்தது. பாப் கெல்டாஃப் என்ற பாடகர் துள்ளி எழுந்தார். நவம்பர் 25-ம் தேதி பிரிட்டனின் பெரிய பெரிய பாடகர்களை இந்த ஸ்டூடியோவுக்கு இழுத்துவந்து, ஒரே நாளில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்தார். பிரிட்டனில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் கிடைத்த வரியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார் பிரதமர் மார்கரெட் தாட்சர். ஜனங்கள் போட்ட சத்தத்தில், பிறகு அதே அளவு தொகையை அரசாங்கம் தானமாகக் கொடுத்தது.

நல்ல காரியம்தான். ஒரு சின்ன வேடிக்கை என்னவென்றால், ‘அவர்களுக்கு இது கிறிஸ்துமஸ் என்று தெரியுமா?’ என்று கேட்பதுதான் பாட்டின் தலைப்பு. தெரியுமாவா! எத்தியோப்பியாவின் அக்சும் ராஜா எஸானா நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர் ஆகிவிட்டார். இங்கிலாந்தின் கேன்டர்பரிக்கு அகஸ்டின் பாதிரியார் வந்து இறங்கியதே 597-ல்தான். எத்தியோப்பியாவில் இன்றைக்கும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். என்ன, அவர்கள் காலண்டர்படி அது ஜனவரி 7. 2014-ல் அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்தபோது, கானா வம்சாவளிப் பாடகர் ஃப்யூஸ் ஓ.டி.ஜி., ஆப்பிரிக்கா என்றாலே பரிதாபம் என்று காட்டுவது பிடிக்கவில்லை என்று சொல்லி விலகிக்கொண்டார்.

பசிக்கிறவனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, சரித்திரம் உண்டு. அவசரத்தில் கொடுக்கிற கை அதை மறந்துபோகிறது.

மறந்தால் என்ன ஆகும்? இதைக் கேளுங்கள். பல ஏழை நாடுகளில் அனாதை இல்லம் என்பது ஒரு நல்ல பிசினஸாகிவிட்டது. வெள்ளைக்கார டூரிஸ்ட்டுகள் கிறிஸ்துமஸ் லீவில் வருவார்கள், பொம்மை கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், டாலர் கொடுப்பார்கள். டாலர் வருகிறதென்றால் அனாதைகள் வேண்டுமே? ஏழை வீட்டில் போய், ‘நாங்கள் படிக்கவைக்கிறோம்’ என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிவந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட விடுதிகளில் இருக்கும் குழந்தைகளில் அஞ்சுக்கு நாலு பேருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று 2009-ல் எழுதியது, எக்லன்டைன் ஆரம்பித்த அதே ‘சேவ் தி சில்ட்ரன்’. கம்போடியாவில் 2011-ல், ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் இல்லை’ என்று ஒரு பிரசாரமே நடத்த வேண்டி வந்தது. 2018-ல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இந்த அனாதை இல்ல வியாபாரத்தையும் அதோடு சேர்த்துப் பேசியது.

நாம் நல்ல மனதோடு நீட்டிய பொம்மை, ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்திருக்கலாம். அதற்காகக் கையை மடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் காசு குடும்பத்துக்குப் போனால், பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்கும். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்?

* * *

‘‘அதெல்லாம் ஆப்பிரிக்கா, கம்போடியா கதை. நமக்கென்ன மாப்ளே?’’ என்று நண்பன் மறுபடி ஆரம்பித்தான்.

‘‘2004 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கா?’’ என்றேன்.

அவன் பேசவில்லை. அவனுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. வேளாங்கண்ணியில் திருநாள் கூட்டம். கடல் எழுந்து வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். அன்றைக்கு லண்டனிலும் லீவு நாள்தான். மிச்ச கேக்கோடு டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், சுனாமி அடித்த நாடுகளுக்கெல்லாம் சேர்த்துக் கொடுத்த தொகை 39 கோடியே 20 லட்சம் பவுண்டு. அக்கரைப்பேட்டை எங்கே இருக்கிறது, கீச்சாங்குப்பம் என்ன மதம் என்று யாரும் விசாரிக்கவில்லை. அன்றைக்கு ‘கடல் தாண்டி இருக்கிற பிள்ளைகள்’ யார்? நம் பிள்ளைகள்தான்.

அளக்காமல் போட்டதும் அங்கே நடந்தது. அந்த நாட்களில் நாகைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ரோட்டோரம் மலை மலையாகப் பழைய துணி. நம் நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் லாரியில் வந்து கொட்டியது. கிழிசல், அழுக்கு, சாயம் போனது. கடலில் உழைத்து, சொந்தக் காசில் உடுத்தின ஜனங்கள் அதைத் தொட மறுத்தார்கள். எல்லாம் பறிபோன பிறகும் மானம் மிச்சம் இருந்தது. கடைசியில் அந்தத் துணிமலையை அப்புறப்படுத்துவதே அதிகாரிகளுக்குத் தனி வேலை ஆகிவிட்டது.

அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகளை ‘எங்களிடம் கொடுங்கள்’ என்று கேட்டுப் பலர் வந்தார்கள். அரசு அவசரப்படவில்லை. நாகை, கடலூர், கன்னியாகுமரியில் தானே காப்பகம் வைத்துப் பார்த்துக்கொண்டது. நல்லவர்கள் நடுவில் யார் எந்த எண்ணத்தோடு வருகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நண்பன் ரொம்ப நேரம் கழித்து, ‘‘எங்க சித்தப்பா வீட்டுக்கு அப்ப போட் வந்துச்சுடா. யாரு குடுத்தாங்கன்னே இன்னிவரைக்கும் தெரியாது’’ என்றான்.

* * *

ஆகவே வாசக அன்பர்களே, இந்த டிசம்பரில் உங்கள் ஆபீஸில் யாராவது கவரை நீட்டினால், பாத்ரூம் பக்கம் நழுவ வேண்டாம். மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். இது வேண்டும் என்று வாங்கிக்கொள்கிறவர்கள் கேட்டார்களா, நாமே முடிவு செய்துவிட்டோமா? கணக்கை யாராவது வெளியே காட்டுகிறார்களா? நான் கொடுக்கிற இந்தச் சட்டையை என் பிள்ளைக்குப் போடுவேனா? மூன்றுக்கும் திருப்தியான பதில் வந்தால் தாராளமாகப் போடுங்கள். அந்தப் பிள்ளை எந்த நாடு, என்ன ஜாதி என்கிற நாலாவது கேள்வி மட்டும் வேண்டாம்.

பயப்படாதீர்கள். இப்போதெல்லாம் புறாவுக்குப் போட்டால்தான் சார் அபராதம்!